சாந்தி ஒட்டிய பொட்டு

ஒடாஹுஹு ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது நம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "நம்ம சாந்தி போயிட்டாங்க." தூக்கத்திலேயே மாரடைப்பாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'இனி யாருக்கும் தெரியப்போவதில்லை' என்ற நிம்மதி. சே, என்ன மனிதன் நான்! அந்த ஒரு நொடிக்காகத்தான் இதைக் குழு நண்பர்கள் உங்களுக்கு எழுதுகிறேன்.

சாந்தியை உங்களுக்குத் தெரியும். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், போனில் தம்புரா சுருதியை ஓடவிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவர். நம் பாட்டுத் தொகுப்பில் என் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பதிவு செய்தவரும் அவர்தான். இது உங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் என் வீட்டுக் கராஜில் இரண்டு சனிக்கிழமைகள் தனியாக மல்லுக்கட்டினேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கு நேர் நடுவில் மைக்கை வைத்தால் தகரத்தைக் கீறியதுபோல் சத்தம். ஓரத்தில் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் அமுங்கியது. பாட்டு நோட்டு வாங்க வந்த சாந்தி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நகருங்க சேகர்" என்றார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆம்ப் முன்னால் முட்டி போட்டார். நான் ஒரே தந்தியை மீட்டிக்கொண்டேயிருக்க, மைக்கை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இம்மி இம்மியாக நகர்த்தினார். "ஒரு விரல்கடை நகந்தா வேற ஆளு வாசிக்கிற மாதிரி இருக்கு லா." ஓரிடத்தில் நிறுத்தி, கொஞ்சம் சாய்த்தார். அப்பா! இது என் கிட்டாரா என்றிருந்தது. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஸ்பீக்கரை மூடிய துணியில் அதே இடத்தில் ஒட்டினார். "இனிமே தேட வேணாம். ம், மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார், எக்ஸ்ரே அறையில் சொல்வது போலவே. சிரித்துக்கொண்டே பதிவு செய்தோம்.

தீபாவளி விழாவில் தொகுப்பைப் போட்டோம். "கிட்டார் சத்தம் அந்த மாதிரி! ஆர் ரெக்கோர்ட் பண்ணினது?" என்று நம் யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டார். "நானேதான்" என்றேன். சாந்தி பக்கத்திலேயே தட்டோடு நின்றார். வடையைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுப்பவர் வந்து சரிசெய்தார் என்று சொல்ல, இருபது வருடம் கிட்டார் வாசித்த எனக்கு வாய் வரவில்லை. மறுவாரம் உங்களில் சிலர் ஆம்ப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்கள். பொட்டைப் பற்றிக் கேட்பீர்களே என்று அதை நகத்தால் உரித்துக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு மைக் வைக்கும் அந்த இடம் எனக்குக் கிடைக்கவேயில்லை. ஒரு போன் செய்திருந்தால் பாபகூராவிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்திருப்பார். கௌரவம் குறைந்துவிடுமாம் எனக்கு! போன மாதம் கறிவேப்பிலைக் கன்று கொடுக்க வந்தவர், ஆம்ப்பின் முன் ஒரு கணம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "செடிய வெயில் படுற எடத்துல வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இறுதிச் சடங்கு முடிந்ததும் அவர் கணவர் மோகன் என்னைத் தனியாக அழைத்து, பிரிக்காத ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றைக் கையில் வைத்தார். "உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தா. உங்க ஆம்ப்ல ஒட்டுன பொட்டு விழுந்துடுச்சாம். திரும்ப வந்து எடம் பாத்து ஒட்டித் தரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா லா."

விழுந்துவிட்டதாம். எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவருக்கு, அது எப்படிப் போனதென்று தெரியாமலா இருந்திருக்கும்? கட்டிய கணவரிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

நண்பர்களே, நீங்கள் மெச்சிய அந்தச் சத்தம் சாந்தியுடையது. என்னிடம் இருப்பது அந்த அட்டை மட்டும்தான். ஆம்ப்பின் மேல் வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எங்கே ஒட்டுவதென்று எனக்குத் தெரியாது.