ஊதுபத்தி இல்லாத வான்

கனகராயன்குளத்து வீரகத்தி, கண்ணிவெடி தேடும் பெரிய நாய்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கத் தொடங்கி ஒன்பது வருடம். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, வழுக்காத றப்பர் விரிப்பும் தினமும் தோய்த்துக் காயவைத்த சாக்கும் விரிப்பார். அதன்மேல் நாய்க் கூட்டை வைத்துப் பட்டியால் இறுக்குவார். முன்னாலிருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பூ மட்டும்தான்.

"ஊதுபத்தி காட்டாத வாகனம் விளங்குமே, சொல்லுங்கோ?" என்று மனைவி கமலாசனி கேட்டால் எரிந்து விழுவார்.

"புகையாலை நாயின்ரை மூக்குப் பிழைச்சால் ஆரின்ரையோ கால் போயிடும். பிள்ளையார் பொறுப்பார்."

நேற்று றீட்டா என்ற நாய் காய்ச்சலில் செத்துப்போனது. புதைக்கக் கொண்டுபோகவும் அவரையே கூப்பிட்டார்கள். வழக்கம்போலச் சாக்கை விரித்தார், பட்டியை இறுக்கினார். பிறகு கடைக்குப் போய் ஊதுபத்தி வாங்கிவந்து, றீட்டாவின் தலைமாட்டில் கொளுத்தினார்.