நான் அடித்துவிட்ட குருவி

வானொலியில் வாரம் ஒருமுறை பறவைகளைப் பற்றிப் பேசுவார்கள். பெடாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் ரேடியோ இருந்தது. மலாயாவில் அவசரகாலம்; ஊரடங்கு தொடங்குவதற்குள் கேட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும்.

பதின்மூன்று வயது என் மகள் அந்த நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதினாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை நான். திருத்தாமல் அனுப்ப மனம் வரவில்லை. ‘ஆள்காட்டிக் குருவி’ என்று எழுதியிருந்தாள். புறா அளவுப் பறவையைக் குருவி என்பதா என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

கடிதம் வாசித்த அன்று மழை. அறிவிப்பாளர் தோட்டத்தின் பெயரையும் மகளின் பெயரையும் சொன்னதும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். தகரக் கூரை இரைச்சலில் தெளிவாகக் கேட்டது இவ்வளவுதான்: “எங்கள் தோட்டத்தில் ஓர் ஆள்காட்டி... ஆற்றோரம் யார் நடந்தாலும்... காட்டிக்கொடுத்து...”

நெருங்கி வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு முன்புதான், போலீசுக்கு ஆள்காட்டி என்று சொல்லி, காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பால்மரம் வெட்டும் ஒருவரைச் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வாசலில் நின்றார்.

“என்னா டீச்சர், வீட்டுல ஆள்காட்டி வளக்கிறீங்களாமே?”

“அது பறவை, பெரியம்மா,” என்றாள் மகள். “முழுப் பேரு சிவப்பு மூக்கு ஆள்காட்டி.”

“செவப்பும் நீ, ஆள்காட்டியும் நீயா? ரெண்டு பக்கமும் சுடுவான் லா!”

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நாங்க நம்புறோம் டீச்சர். காட்டுக்குள்ள இருக்கிறவன் நம்பணுமே.”

அன்றே பெடாஸுக்குப் பஸ் ஏறி, அது பறவைதான் என்று வானொலிக்கு இன்னொரு கடிதம் போட்டேன். ஒரு வாரம் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

“நான் என்னம்மா தப்பா எழுதினேன்?”

அடித்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒன்னுமில்ல, சாப்பிடு,” என்றேன்.

அடுத்த வாரம் மழை இல்லை. “நேயர் சொன்னது ஆள்காட்டிக் குருவி” என்று அறிவிப்பாளர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. மகளும் சிரித்தாள். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு வானொலிக்கு எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

போன வாரம் வகுப்பில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கரும்பலகையில் என்னையறியாமல் ‘கழுகுக் குருவி’ என்று எழுதியிருந்தேன். அழிக்கக் கை வரவில்லை.