அண்ணையின்ரை கணக்கில் கிடந்த என்ரை சட்டைகள்

இன்று காலை கோயிலால் வர, வீட்டு வாசலில் ஒரு பிள்ளை நின்றா.

"அன்ரி, அக்கான்ரை கலியாணத்துக்குத் தைச்ச சாறிச் சட்டை மாதிரியே எனக்கும் வேணும்."

தைத்துக் கொடுத்த சட்டைகளின் படம், ஆட்களின் அளவு எல்லாம் நான் இணையத்தில், கிளவுட்டில்தான் வைப்பது. போன வருசம் காசு கட்டி இடம் எடுக்கப் போக, கனடாவில் இருக்கும் அண்ணை விடவில்லை. "உனக்கேன் வீண்செலவு? என்ரை கணக்கில் இடம் கிடக்கு, அதுக்குள்ளை போடு" என்று பாஸ்வேர்டைத் தந்தார். சகோதரம் வெளிநாட்டில் இருக்க நான் ஏன் காசு கட்டவேணும் என்று நானும் போட்டேன்.

இன்று திறந்தால் ஒன்றும் இல்லை.

வாயில் பிழையாக எதுவும் வரக்கூடாதென்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஓ, அதை அண்ணி அழிச்சுப்போட்டா. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவுக்கு இடம் காணேல்லை. சட்டைப் படம்தானே தங்கச்சி, திரும்ப எடு."

கொடுத்துவிட்ட சட்டைகளை எந்தெந்த வீட்டு அலுமாரியில் போய்ப் படம் எடுப்பது?

வந்த பிள்ளை "பரவாயில்லை அன்ரி" என்றுவிட்டு கோப்பாய்ச் சந்தித் தையல்கடைக்குப் போய்விட்டா.

பின்னேரம் என்ரை பேரில் காசு கட்டி இடம் எடுத்தேன். மாதக் காசு, ஒரு சட்டைக்கு வாங்கும் கூலிக்குக் கிட்டவும் வராது. இதை மிச்சம் பிடிக்கத்தான் ஓசியில் கிடந்திருக்கிறேன்.

இப்போது அண்ணியின் மெசேஜ். "ஆவணியில் வாறம். போனமுறை அளவிலேயே எனக்கு நாலு சட்டை தைச்சு வையும்."

அந்த அளவும் அவ அழித்ததோடு போய்விட்டது. என்ன பதில் போடலாம், சொல்லுங்கோ.