டி-55 தலையில் ஒரு குமிழ்

என் வீட்டுக்காரர் ஹேமநாத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி. இவர் தனக்கு விரோதி என்பது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. பார்க்கும்போதெல்லாம் ‘அண்ணா’ என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அதிலேயே இவருக்கு வயிற்றெரிச்சல் இன்னும் கூடும்.

முதலில் இவரைச் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் ஒரு பல் லேபில் டெக்னீஷியன். தினமும் புத்தூரிலிருந்து ரயிலில் போய், யார் யாருக்கோ பல் செட் செய்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் டாங்கி. நிஜ ராணுவ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் டாங்கி. பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். உயர்ந்த பெட்டி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இவர் மலிவான பெட்டி வாங்கி, அதில் இல்லாததைப் பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்கில் தானே செய்துகொள்வார்.

கூடவே இருந்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அகலமான இடைவெளி இருந்தால் அது டி-55. பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவே இருந்தால் டி-62. இந்த மனுஷன் பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. வருஷத்துக்கு ஒருமுறை சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெயிண்ட் அடிக்கும் முன்னால் டாங்கியைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். தப்பு கண்ணில் பட்டவர்கள் அப்போதே சொல்லிவிட வேண்டும். போட்டியில் இருப்பவனும் சொல்ல வேண்டும். பெயிண்ட் ஏறிய பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்தக் குழுவுக்குக் கண் என்றால் என் வீட்டுக்காரர்தான். யார் படம் போட்டாலும் இவர் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இவர் கட்டைவிரல் படம் போட்டால்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்கள். பரிசு ஒருமுறையும் வந்ததில்லை. ஆனால் இந்த மரியாதை வந்தது. அதை வைத்துக்கொண்டு மனுஷன் நிம்மதியாக இருந்தார்.

அப்போதுதான் ஜெபகுமார் வந்து சேர்ந்தார். ஆம்பூர்க்காரர். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, சத்தியவேட்டில் ரூம். கல்யாணம் ஆகவில்லை, சம்பளம் பூராவும் டாங்கிக்கே. உலோகத்தில் கடைந்த பீரங்கிக் குழல், ஒவ்வொன்றாகக் கோக்கும் சங்கிலிப் பட்டை, எல்லாம் கடல் தாண்டி வரும். வந்த வருஷமே முதல் பரிசு. அடுத்த வருஷமும் அவருக்கே.

“இவன் இன்னா செஞ்சான்? வாங்கினான், ஒட்னான். இதுக்குக் கப்பா?” என்று அன்று பஸ்ஸில் ஆரம்பித்த என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து கை கழுவும்வரை நிறுத்தவில்லை.

இவருக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெபகுமார் குழுவில் ஒரு படம் போட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, நான் சத்தமாகப் பேசுகிறேன். சின்னப் பசங்க சிலர் இவரை விட்டுவிட்டு ஜெபகுமாரிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்ததும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. “துன்னுங்க, ஆறிப் போவுது” என்றால் என்மேல் எரிந்து விழுவார்.

இந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே டாங்கியை எடுத்தார்கள். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் ஓடிய நம் ராணுவத்து டி-55. எதிரியிடமும் கிட்டத்தட்ட அதே ஜாடையில் டாங்கி இருந்ததால், அடையாளம் தெரிய நம்மவர்கள் குழலின் நடுவே பொய்யாக ஒரு புடைப்பை மாட்டியிருந்தார்களாம். இவர் அதை அக்ரிலிக்கில் வார்த்தார். இவருடைய மலிவான பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. டாங்கியின் சுழலும் தலையை இவர்கள் டரட் என்பார்கள். அதன் மேல் வலப்பக்கம் காளான் மாதிரி ஒரு காற்றுக் குமிழ் இருந்தது. அது பழைய டி-54க்கு உண்டு, டி-55க்குக் கிடையாது. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பல் தேய்க்கும் மெஷினால் அந்தக் குமிழைத் தடம் தெரியாமல் வழித்தெடுத்தார். வெள்ளைப் பொடி என் தலையணைவரை பறந்தது.

பிறகு ஜெபகுமாரின் படம் வந்தது. பெட்டியோடு வந்த டரட் பிடிக்காமல், ரெசினில் வார்த்த டரட்டைத் தனியாக வரவழைத்திருந்தார். அதன் மேல் ஜம்மென்று அதே குமிழ்.

இவர் போனை என்னிடம் நீட்டி விரலால் பெரிதாக்கிக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“ஐம்பத்தி நாலு தலைய ஐம்பத்தி அஞ்சு ஒடம்புல வெச்சுக்கினு இருக்கான் பாரு.”

“சொல்லிடுங்க. பெயிண்ட் அடிச்சிடப் போறாரு.”

“நான் இன்னாத்துக்குச் சொல்றது? காசு குட்த்து டாங்கி வாங்கினான் இல்ல, கண்ணும் வாங்கிக்கினு வரட்டும்.”

“அதானே உங்க ஆளுங்க வழக்கம்?”

“உன் வேலையப் பாரு பிரமிளா.”

குழுவில் பரணி என்ற பேங்க் பையன், ‘அந்தக் குமிழ் பழைய மாடலுக்குத்தானே?’ என்று கேட்டிருந்தான். இவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஜெபகுமாரின் படத்துக்குக் கட்டைவிரலைப் போட்டார். ஜெபகுமார் உடனே நன்றி சொல்லிக் கும்பிட்டார். பரணி அதோடு விட்டுவிட்டான். கண்காட்சி வரைக்கும் எங்கள் வீட்டுச் சாம்பார் அமிர்தமாக இருந்தது.

சித்தூர் மண்டபத்தில் கூட்டம். இரண்டு டி-55ம் பக்கத்துப் பக்கத்து மேஜையில். சத்தியமாகச் சொல்கிறேன், ஜெபகுமாருடையது கண்ணைப் பறித்தது. சேறு சேறாகவே இருந்தது, துரு துருவாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து வந்த நடுவர் குனிந்து பார்த்து, உடனே நிமிர்ந்தார்.

“தம்பி, இது டி-54 டரட் ஆச்சே. இதைப் பெயிண்ட்டுக்கு முன்னாடி யாருமே பாக்கலையா?”

ஜெபகுமார் முகம் செத்துப்போயிற்று. “ஹேமண்ணா பாத்தாரு சார். அவரே ஓகே சொன்னாரு.”

“எனக்கு டவுட்டுதான் சார்,” என்றான் பரணி, தெலுங்கு கலந்து. “ஹேமண்ணா ஓகே சொல்ட்டாரு கதா, அதான் விட்டுட்டேன்.”

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். தெரிந்தே கவிழ்த்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நடுவில் வேறு வழியில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“எனக்குத் தெர்ல சார்,” என்றார். “அதுல வித்தியாசம் இருக்கறதே தெர்ல.”

“உங்க டாங்கில அந்தக் குமிழ் இல்லியே அண்ணா?” என்று பரணி விடாமல் கேட்டான்.

“அது... பெட்டியில அப்டியே வந்துது.”

அந்தப் பெட்டியில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பை, தன் கைவேலை எல்லாவற்றிலும் நேர்த்தியான ஒன்றை, மனுஷன் தன் வாயாலேயே பெட்டிக்குத் தூக்கிக் கொடுத்தார். நடுவர் தலையாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். முதல் பரிசு ஹேமநாத்துக்கு என்று மைக்கில் சொன்னார்கள். கை தட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் யாரும் இவரிடம் டாங்கி பற்றிப் பேசவில்லை. பரணி தன் அடுத்த டாங்கியின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு, இவரைத் தாண்டிப் போய் ஜெபகுமார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சித்தூரிலிருந்து புத்தூர்வரை மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். ஜெபகுமார் புத்தூரில் இறங்கி, பிச்சாட்டூர் வழியாகச் சத்தியவேட்டுக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். கார்வேட்டிநகரம் தாண்டியதும் எழுந்து வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“மனசுல வெச்சிக்காதீங்க அண்ணா,” என்றார். “எனக்கே தெரியாம போச்சு. ரெண்டு பேருமே ஏமாந்துட்டோம். இப்பதான் நெட்ல தேடிப் படிச்சேன், காட்றேன் பாருங்க.”

போனில் இரண்டு படங்களை வைத்து, எது டி-54, எது டி-55 என்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, சலித்துக்கொள்ளாமல் சொன்னார். நடுவில் ஒரு விஷயத்தைத் தப்பாகக்கூடச் சொன்னார். டி-62இன் சக்கர இடைவெளியை டி-55க்குச் சொன்னார், அது எனக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரர் உதடு அசைந்தது. திருத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். கப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஓ, அப்டியா” என்றார்.

“ஆமாண்ணா. இனிமே நீங்க பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க. நான் பாத்துச் சொல்றேன். சங்கடப்படாதீங்க.”

“சரிப்பா,” என்றார் இவர். “அனுப்பறேன்.”