இடது இருக்கையில் முப்பத்தெட்டு கிலோ

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில், உச்சி வெயிலில், பேட்டை தொழிற்பேட்டையில் இருக்கும் என் சொந்தப் பட்டறையில். இது கதை இல்லை, நடந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு நடை வந்து பாருங்கள். அந்த நான்கு தராசுகளும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பழுதும் இல்லை.

என் பெயர் கோமதிசங்கர். கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை, அதாவது குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங் வேலை, மட்டும் செய்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று வாயைத் திறந்தால் கேலி செய்தே ஓட்டிவிடுவேன். அப்படித்தான் இருந்தேன், போன பங்குனி வரைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து வேதநாயகம் சார் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தரையோடு தரையாக இருந்த அந்தக் காரிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே அவருக்கு நேரமாயிற்று. இரண்டே இருக்கை உள்ள கார். இடது இருக்கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"எம்மவன் எஸ்றா வாங்குனது தம்பி. போன வருஷம் தவறிட்டான். இத மாட்டிப் பாக்கணும்னு அவ்வளவு ஆசப்பட்டான். நாளக் கழிச்சி அவன் வருஷ நினைவு. கோயில்ல ஆராதன முடிஞ்சதும் இந்தக் காருலதான் கல்லறைக்குப் போணும். அவன் நெனச்ச மாதிரியே பண்ணித் தாங்க."

எப்படித் தவறினான் என்று நான் கேட்கவில்லை. பெற்றவரிடம் அதைத் தோண்ட மனசு வரவில்லை. வாலிபப் பையன், வேகப் பிரியன், எங்கேயாவது போய் மோதியிருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்தால் அருமையான சரக்கு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. ஒரு பக்கம் திருகினால் கார் இறுகும், மறுபக்கம் திருகினால் மெத்தென்று ஆகும். ஒவ்வொரு திருகலுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். பையன் கண்டபடி வாங்கவில்லை, தேடித் தேடி வாங்கியிருக்கிறான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ரோட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வேறெதை நினைத்திருப்பான்? நான்கையும் மாட்டி, நான்கு திருகையும் கடைசிவரை இறுக்கினேன். பிறகு நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசுகளை வைத்துக் காலிக் காரை எடை போட்டேன். எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று தெரிந்தால்தான் உயரத்தைச் சரிசெய்ய முடியும். எல்லாம் கச்சிதமாக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

மதியம். என்னோடு வேலை செய்யும் நமச்சிவாயம் அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார். நான் பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

டிக்.

பல்லி என்று நினைத்தேன்.

டிக்... டிக்... டிக்...

போய்ப் பார்த்தேன். பட்டறையில் ஆள் இல்லை. ஆனால் நான்கு திருகுகளும் கடைசிவரை தளர்ந்து கிடந்தன.

அண்ணாச்சி வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "திருகத் தொட்டீரா அண்ணாச்சி?"

"நான் சோறு திங்கல்லா போனேன். எனக்கென்ன கோட்டியா வே பிடிச்சிருக்கு?"

வெயில் என் மண்டைக்குத்தான் ஏறிவிட்டது என்று திரும்பவும் இறுக்கினேன். முன்னைவிட அழுத்தி.

மறுநாள் சனிக்கிழமை. ஓட்டிப் பார்க்கும் முன் மறுபடி எடை போட்டேன். முப்பத்தெட்டு கிலோ கூடியிருந்தது. கூடியதில் பெரும்பகுதி இடப்பக்கம். டிக்கியில் ஏதாவது கிடக்கிறதா? இல்லை. இருக்கைக்கு அடியில்? இல்லை. இடது தராசுகளை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம்தான். அண்ணாச்சியைத் தராசுமேல் ஏறி நிற்கச் சொன்னேன். அவர் எடையைத் துல்லியமாகக் காட்டியது.

"யாரோ உக்காந்திருக்காப்புல காட்டுதே வே," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுத்தமல்லி தாண்டி சேரன்மகாதேவி சாலை. அந்த வெயிலில் ஒரு ஈ, காக்கை இல்லை. கார் கல்போல இறுகி, அம்புபோலப் போனது.

ஒரு சின்னப் பள்ளம்.

ஸ்ஸ்...

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. அப்படித்தான் நினைத்தேன். ஓரம் கட்டி, படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுபடி எடுத்தேன். அடுத்த பள்ளம்.

ஸ்ஸ்... ஆ...

சத்தம் கீழிருந்து வரவில்லை. என் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுக்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். காலி இருக்கை. ஆனால் அதன் மெத்தை... அமுங்கியிருந்தது.

கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. முன்னால் இருந்த வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. கார் தூக்கிப் போட்டது.

"பைய..."

ஒரே வார்த்தை. மெதுவாகப் போகச் சொல்லி அழுகிற குரல்.

பிரேக் போட்டேன்.

எனக்கு இறங்கி ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. வலி இருந்தது. வலியில் கெஞ்சுகிறவனை நடுரோட்டில் விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

நடக்கிற வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நானே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பட்டறையில் காரைத் தராசுகள்மேல் ஏற்றி நிறுத்தி, இறங்கி, நான்கு திருகையும் என் கையாலேயே தளர்த்தினேன்.

டிக்... டிக்... டிக்...

கடைசித் திருகு தளர்ந்தபோது, காருக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு.

தராசைப் பார்த்தேன்.

கூடியிருந்த முப்பத்தெட்டு கிலோ அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாரும் அவர் மனைவி சாரம்மாளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் வெள்ளைப் பூக்கள். சார் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் நான் அம்மாவிடம் சொன்னேன்: "ரொம்ப மெத்துன்னு வச்சிருக்கேன்மா. ஸ்போர்ட்ஸ் கார ஓட்டுதவங்க இப்பிடிக் கேக்க மாட்டாங்க."

அவர் முகம் அப்படியே உடைந்துவிட்டது.

"அவன் அதுக்குத்தான் தம்பி வாங்குனான். எலும்புல புத்துநோய். ஆஸ்பத்திரிக்கு வேற கார்ல கூட்டிட்டுப் போறோம்னா கேக்க மாட்டான். என் கார்லதான் வருவேம்பான். இதுல இருந்த பழைய ஸ்பிரிங்கு ஒரே முரடு. அப்பா ஓட்டுவாங்க, இவன் இடப்பக்கம் சாஞ்சிருப்பான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லக் கடிச்சிட்டு 'ஸ்ஸ்'னு மட்டும் சொல்லுவான். எம்பிள்ள அழமாட்டான். கடைசித் தடவ மட்டும் தாங்க முடியாம, 'பையப் போங்கப்பா'ன்னு அழுதுட்டான். அதுலருந்து அவங்கப்பா ராத்திரி ஒறங்குதது இல்ல."

என் கண் இடது இருக்கைக்குப் போனது. அம்மா சொல்லிக்கொண்டே போனார்.

"படுக்கையில கெடந்துகிட்டு போன்ல தேடித் தேடி இத வாங்குனான். இது மாட்டிட்டா வலிக்காதும்மா, ஆத்தங்கரைக்குப் போய்ட்டு வரலாம்னான். பெட்டி வந்து சேந்த அன்னைக்கு வீட்ல அடக்க ஆராதன நடந்துக்கிட்டிருந்துச்சு."

கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன். "கடைசியில ஆள் என்ன எடை இருந்தாரும்மா?"

"ஆறடிப் பிள்ள தம்பி. ஆஸ்பத்திரியில கடைசியா எட போட்டுப் பாத்தப்போ முப்பத்தெட்டு கிலோ."

தராசைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சார் வண்டியில் ஏறி, இடது கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார். "ஏறு சாரா."

அம்மா குனிந்து, அமுங்கிக் கிடந்த அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவைப் பைய, சத்தம் வராமல் சாத்தினார்.

"நீங்க முன்னால போங்க. நான் ஆட்டோல வாரேன்."

கார் நகர்ந்தது. தொழிற்பேட்டை வாசலில் ஒரு பெரிய வேகத்தடை உண்டு. நான் தெருவில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது.

ஒரு சத்தமும் வரவில்லை.