மூன்று கேப்டன்களும் தந்த ஓய்வு

வலி முதலில் வந்தது பந்து வீசும்போது அல்ல, தண்ணீர் குடிக்கும்போது. வித்துராவில் பொன்முடி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சாயாக்கடையில் சீரகத் தண்ணீர் வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து செம்பைத் தூக்கினேன். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடப்பக்கத்தில், யாரோ ஆணி வைத்து ஒரு தட்டுத் தட்டியது போலிருந்தது. தண்ணீர் சட்டையில் கொட்டியது. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அன்று பொன்முடி தேயிலை எஸ்டேட் அணிக்காகப் பன்னிரண்டு ஓவர் வீசினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் இரும்புக்கடை. எனக்கு அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது என் படிப்பு அல்ல, பந்துவீச்சுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் அப்போது கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம்தான். பாய்க்கு அடியில் கட்டாந்தரை. ஓடி வந்து முன்காலை ஊன்றினால் அந்த அடி முழுவதும் இடுப்பில்தான் இறங்கும். வேகமாக வீசுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா தினமும் குழம்பு (மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய்) தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். வலி அடங்கும். நான் போய் வீசுவேன். மறுபடி வரும்.

ஆறாவது வாரம், காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

மருத்துவமனைக்கு என்னுடன் அம்மாவும், எங்கள் அலுவலக அணியின் கேப்டன் வைத்தி சாரும் வந்தார்கள். வைத்தி சார் கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். நாற்பது வயது. அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. என்னைத் தன் சொந்தச் சொத்துப்போல் பாதுகாப்பவர்.

எலும்பு மருத்துவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்து இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதை வெளிச்சத்தில் பிடித்து, முள்ளெலும்பின் ஒரு பகுதியைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அது ஒரு குட்டி நாயின் உருவம். அதன் கழுத்தில் பட்டை கட்டியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. அதுதான் அழுத்த முறிவு (ஒரே அடியில் உடையாமல், ஓயாத உழைப்பால் எலும்பில் விழும் கீறல்) என்றார். நெடுந்தூரம் நடக்கவைத்த புதுச் சிப்பாய்களின் பாத எலும்பில் இதைப் பார்த்திருக்கிறாராம்.

“மணி, சத்யம் பறயணும். ஓர் ஆழ்ச்சையில், ஒரு வாரத்துல, எத்தனை பந்து எறியும்?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் வைத்தி சார் முந்திக்கொண்டார். “இவனை நாங்க பொத்திப் பொத்தின்னா வெச்சிண்டிருக்கோம், டாக்டர்! சனிக்கிழமை மாட்ச் முடிஞ்சா அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பந்தையே தொட விடறதில்லை. முழு ரெஸ்ட், கேட்டேளா?”

அம்மா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். “அது எப்படி சார்? ஞாயித்துக்கெழம சாலைக் கடைக்காரங்க டீமுக்குப் போட்டுக்கிட்டுதானே வாறான். செவ்வாயும் வியாழனும் சாயந்தரம் அங்கதான் பிராக்டீஸு. லீவு வந்தா பொன்முடிக்குப் பஸ் ஏறிருவான். எம் பிள்ளைக்கு ஒரு நாளு இருப்பு கெடயாது.”

பெற்ற தாயே காட்டிக்கொடுத்த பிறகு நான் எங்கே பார்ப்பது? எக்ஸ்ரேயில் இருந்த நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் எனக்கே விஷயம் முழுதாகப் புரிந்தது. சாலைக் கேப்டனும் நல்லவர். வாரத்தில் மூன்று நாள்தான் என்னைக் கூப்பிடுவார், மற்ற நாள் ஓய்வெடு என்பார். பொன்முடி அணியின் கேப்டனான எஸ்டேட் அதிகாரி மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் கேட்டதே இல்லை. மூன்று கேப்டன்களும் அக்கறையாக எனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கொடுத்த ஓய்வில் நான் இன்னொருவருக்கு வீசியிருக்கிறேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. ஆள் தேடி வந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

மருத்துவர் தாளில் எழுதிக் கூட்டினார். வாரத்துக்கு முந்நூறு பந்தைத் தாண்டியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “எறியுந்தோறும் எலும்பு கொஞ்சம் தேயும். எறியாத நாள்ல அது தன்னைத்தானே நன்னாக்கும். நீ அதுக்கு அந்த நாளைக் கொடுத்தில்லா. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்.”

“இனி வீச முடியுமா, டாக்டர்?”

“இப்போ பறயான் பற்றில்லா. மூணு மாசம் அசையாம கிடந்தா, பின்னே நோக்காம்.” இப்போது சொல்ல முடியாது, பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்.

நெஞ்சிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டார்கள். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அதற்குள் இருப்பவனுக்குத்தான் அந்த அரிப்பு தெரியும். மருத்துவர் கூடாது என்று சொல்லியும், அம்மா ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். மரக்கட்டிலில் கிடந்தபடி விட்டத்தைப் பார்ப்பேன். இனி பந்து வீசாத மணியை யாருக்குத் தெரியும்? அந்தப் பயம் வலியைவிடப் பெரிது.

வைத்தி சார் இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. கோபம்தான், நியாயமான கோபம். மூன்றாவது வாரம் வந்தார். கூடவே சாலைக் கேப்டனும், பொன்முடி எஸ்டேட் அதிகாரியும். மூவரும் என் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாகப்பிரிவினைக்கு வந்தவர்கள் போலிருந்தது. சொத்து நடுவில் மாவுக்கட்டோடு கிடந்தது.

“அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?” என்றார் வைத்தி சார்.

“மணியை மட்டும் பறஞ்சு காரியமில்ல, சாமி,” என்றார் எஸ்டேட் அதிகாரி. “தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணி வெட்டிவிட்டா, அது தழைச்சு வாற வரைக்கும் நாங்க அதுல கொழுந்து கிள்ளமாட்டோம். இந்த ஆளை மட்டும் ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு கிள்ளிக்கிட்டே இருந்திருக்கோம்.”

அன்று ஒரு முடிவு எடுத்தார்கள். நான் குணமானால் ஒரு வாரம் அலுவலகத்துக்கு, மறு வாரம் சாலைக்கு. பொன்முடிக்கு நான் ஆட்டம் பார்க்க மட்டும் வரலாம். எந்த அணியிலும் தொடர்ந்து நான்கு ஓவருக்கு மேல் கிடையாது. பயிற்சியில் வீசுவதும் கணக்கில் சேரும். என்னைக் கைகழுவ வந்திருக்கிறார்கள் என்று பயந்திருந்தேன். என்னை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புரண்டு படுத்து முகத்தை ஒளித்துக்கொள்ளக்கூட அந்தக் கட்டு விடவில்லை. அவர்கள் முன்னாலேயே அழுதேன். இன்றுவரை அந்த மூவரையும் நினைத்தால் என் மனம் கைகூப்புகிறது.

இதைப் படிக்கும் பந்துவீச்சாளர் யாராவது படுக்கையில் இருந்தால் ஒன்று சொல்வேன். படுத்திருக்கும்போது பொறாமை வரும். எங்கள் அணியில் எனக்கு அடுத்தபடியாக வேகமாக வீசும் சசி, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்து நேராக வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்வான். அவன் விக்கெட் எடுத்த நாள் எனக்குச் சோறு இறங்காது. அதற்காக வெட்கப்பட்டேன். அதுவும் நோயோடு வந்து நோயோடு போனது.

கட்டைப் பிரித்தபோது என் முதுகு எனக்கே அந்நியமாக இருந்தது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு நின்ற இடத்திலிருந்து வீச்சு. அடுத்த பருவம் தொடங்கும்போது மருத்துவர் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “எறிஞ்சோ,” என்று சம்மதம் சொன்னார். ஓர் எச்சரிக்கையும் தந்தார்: “வலியை நம்பண்டா. அது எப்போழும் வைகியே வரும்.” வலியை நம்பக் கூடாது, அது தாமதமாகத்தான் வரும் என்பதை அனுபவித்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை.

திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் நான்கு ஓவரில் இரண்டு விக்கெட். எதிரணிக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டம்தான் தேவை. புதிதாக இறங்கிய மட்டையாளன் பயந்து போயிருந்தான். எனக்கு வலி துளியும் இல்லை. இன்னும் இரண்டு ஓவர் கிடைத்தால் முடித்துவிடுவேன் என்று உடம்பெல்லாம் சொன்னது. பந்து கையில் இருந்தது. வைத்தி சார் என்னைப் பார்த்தார். கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவருக்கும் ஜெயிக்க ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது.

நான் சசியிடம் நடந்து போய்ப் பந்தைக் கொடுத்தேன்.

அவன் ஓவரில் மூன்று பவுண்டரி போனது. மூன்றையும் துரத்தி ஓடியது நான்தான். ஆட்டம் கைவிட்டுப் போனது. பாயைச் சுருட்டும்போது சசி தலை குனிந்து நின்றான். “மணியண்ணன் எறிஞ்சிருந்தா ஜெயிச்சிருப்போம்.”

“ஜெயிச்சிருப்போம்டா,” என்றேன். “பிடி, அந்த ஓரத்தைத் தூக்கு.”

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் பந்து வீசினேன்.