அப்பாவின் நெஞ்சில் ஒரு பக்கா கட்டடம்

டாக்டரின் அறையில் அன்று இருந்தவர்கள் டாக்டர், அப்பா, அம்மாவின் அண்ணனான என் மாமா, நான். இல்லாதவள் அம்மா. தில்லி மோதி பாக்கில் அவள் சமைக்கிற வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்ததால் லீவு கிடைக்கவில்லை. அம்மா மட்டும் வந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்று மாமா இன்றும் சொல்கிறார். மீதிப் பாதிக்கு அவரே காரணம் என்பதைச் சொல்வதில்லை.

அப்பா சாணக்யபுரிப் பக்கம் தள்ளுவண்டியில் இட்லியும் மெதுவடையும் விற்கிறவர். இரண்டு வருடம் முன்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது நெஞ்சைப் பிடித்தபடி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் கொழுப்பு படிந்து ஓர் அடைப்பு. அவ்வளவு பெரிதில்லை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை போதும் என்றார்கள். அன்றிலிருந்து அப்பா மாத்திரையைத் தவறவிட்டதில்லை. தான் சுட்ட வடையைத் தான் தொடுவதை நிறுத்திவிட்டு ஊருக்கெல்லாம் போட்டார்.

இப்போது மறுபடியும் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். முடிவைக் கேட்கத்தான் போயிருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே டாக்டர் என்ன சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டிய கடமை என்னுடையது. அதற்காக இரத்தக் குழாய்களைப் பற்றிப் படித்துவிட்டே போயிருந்தேன்.

"ரத்தத்தில் கொழுப்பு பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, ஷாபாஷ்" என்றார் டாக்டர். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்படியானால் அடைப்பு போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை, கிட்டத்தட்ட அதே அளவுதான், கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். சிரிப்பு நின்றது. அதைப் பார்த்த டாக்டர், பாவம், எளிமையாகச் சொல்லலாம் என்று நினைத்து இந்தியில் சொன்னார்:

"பெஹலே கச்சா தா. அப் பக்கா ஹோ கயா."

முன்பு கச்சாவாக இருந்தது, இப்போது பக்கா ஆகிவிட்டது. தில்லியில் குடிசையில் இருக்கிறவனிடம் இப்படிச் சொல்லக் கூடாது. கச்சா என்றால் தகரமும் தார்ப்பாயும். எந்த நிமிடமும் புல்டோசர் வரும். பக்கா என்றால் செங்கல், சிமெண்ட், கரண்ட் மீட்டர். ஆண்டவனே வந்தாலும் காலி பண்ண முடியாது. எங்கள் சந்து நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கச்சா.

டாக்டர் அதற்கு அப்புறமும் பேசினார். முன்பு அந்த அடைப்புக்குள் கொழுப்பு கொழகொழவென்று இருந்தது, மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து குழாயே மூடிக்கொள்ளும். மாரடைப்பு அப்படித்தான் வருகிறது. ரத்தத்தில் கொழுப்பு குறைந்ததால் உள்ளே இருந்ததும் வற்றியிருக்கிறது, தோல் தடித்திருக்கிறது, சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருக்கிறது. இனி எளிதில் கிழியாது. குழாயை விரிக்க ஸ்டென்ட் என்கிற ஸ்பிரிங் தேவையில்லை, மாத்திரையை விடாமல் போட வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அப்பா 'பக்கா'வோடு கேட்பதை நிறுத்தியிருந்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது? ரெண்டு வருசமா நான் முழுங்குன மாத்திரையெல்லாம் அந்த அடைப்புப் பயலுக்கு சிமெண்ட்டா போயிருக்குது!"

"அப்படி இல்லப்பா..."

"இன்னா அப்படி இல்ல? நாம இத்தினி வருசமா கச்சாவுல கெடக்குறோம். அவன் எனக்குள்ள வந்து ரெண்டே வருசத்துல பக்கா ஆயிட்டான். எவன் கையில காசு குடுத்தானோ."

மாமா குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, பிரைவேட்டுக்குப் போனா ஸ்பிரிங் வச்சு நசுக்கித் தள்ளிடுவானுங்க. வண்டிய வித்தா ஆவும்."

"ஸ்பிரிங் தேவையில்லைன்னு டாக்டர் சொன்னாங்களே மாமா" என்றேன்.

"கவர்மெண்ட்டு எதைடா இடிச்சிருக்குது, நம்ம குடிசைய வுட்டா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் திணித்தார். "இனிமே இத்தை நான் தொட மாட்டேன். வண்டிய வித்துடலாம்."

மாத்திரையை நிறுத்தினால் கொழுப்பு மறுபடி ஏறும். அப்பாவின் நெஞ்சும் போகும், எங்களுக்குச் சோறு போடும் வண்டியும் போகும். அந்த நேரம் பார்த்து அம்மா அப்பாவுக்குப் போன் பண்ணினாள். பின்னால் குக்கர் விசில்.

"இன்னா ஆச்சு?" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"ஆங், பக்கா ஆயிடுச்சாம். எல்லாம் முடிஞ்சுது. வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று எரிந்து விழுந்து வைத்துவிட்டார்.

போன வாரம்தான் அதிகாரிகள் எங்கள் சந்து முழுவதையும் டேப் வைத்து அளந்துவிட்டு, மாற்றாக மாடிக் கட்டடத்தில் பக்கா வீடு கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இது எனக்கு ஞாபகம் வந்தபோது நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியிருந்தோம். தூரத்தில் டோல் மேளச் சத்தம் கேட்டது.

சந்து முழுக்கக் கூட்டம். பஞ்சாபிக் கல்யாணங்களுக்கு வாசிக்கிற டோல்காரர் ஒருவர் எங்கள் கதவுக்கு முன்னால் குதித்துக் குதித்து அடித்துக்கொண்டிருந்தார். யாரோ அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். வேறு யாரோ ஒரு முழு ஜிலேபியை அவர் வாயில் அடைத்தார்கள். அம்மா கையில் மஞ்சளும் மாவுமாக ஓடிவந்தாள்.

"எந்த மாடியாம்?"

"இன்னா மாடி?"

"எந்த மாடியில குடுத்துருக்கான்னு கேக்குறேன்!"

வாய் நிறைய ஜிலேபியோடு அப்பா இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க."

டோல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமா விஷயத்தைச் சொன்னதும் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் சந்து கலையவில்லை. ஆக்கிரமிப்பு என்று வந்துவிட்டால் எங்கள் சந்தில் எல்லோருமே வக்கீல்.

"நோட்டீஸ் குடுத்தாங்களா?"

"சர்வே பண்ணாங்களாமே, அதான் ஸ்கேனு."

"இடிக்கிறதுக்கு முன்னால ஸ்டே வாங்கலாம்."

"யாருக்குய்யா ஸ்டே? அவனுக்கா, இவருக்கா?"

நான் நடுவில் போய் நின்று, "கொழுப்புப் படிவு நிலைப்பட்டிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எனக்கும் ஒரு ஜிலேபி கொடுத்து உட்காரச் சொன்னாள். கூட்டம் மெல்ல மாமா பக்கம் சாய்ந்தது. வண்டிக்கு என்ன விலை வரும் என்று ஒருவர் கேட்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அந்த வேகத்தில் கத்தினேன்.

"அப்பா! உன் ரோட்டுல பாதியில ஒருத்தன் உக்காந்துட்டான், சரி. மீதி வழியில ஆளு போகுதா இல்லையா? நடக்குற, வண்டி தள்ளுற, இப்ப நெஞ்சு வலிக்குதா?"

"வலிக்கல."

"மாத்திரை அவனுக்கு சிமெண்ட் இல்லப்பா. அது கமிட்டி லாரி."

வண்டிக்காரர்கள் கமிட்டி என்பது நகராட்சியை. அதன் லாரி ரோந்து வரும்போதெல்லாம் அப்பா வண்டியோடு சந்துக்குள் ஓடுவார். சிக்கினால் அடுப்போடு தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

"தெனம் ஒரு ரவுண்டு வருது. அதனாலதான் புதுசா எவனும் கடை போடல. லாரி வரலைன்னா என்ன ஆகும்?"

அப்பா ஜிலேபியை விழுங்கினார். இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"லாரி ஒரு வாரம் வரலைன்னா நானே ரெண்டாவது வண்டி போட்டுருவேனே."

"அதான்பா."

"நான் மட்டுமா? மோமோகாரன் வருவான். சோலே பூரிக்காரன் பெஞ்சோட வருவான்." ஒவ்வொருவராக நெஞ்சுக்குள் வருவதைப் பார்க்கிறவர்போல அப்பா கீழே குனிந்து பார்த்துக்கொண்டார். "ரோடே பூடும்டா."

"பூடும்பா."

"மச்சான், வண்டிய விக்கலை" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். "குடு அந்த லாரிய."

சொம்புத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். அம்மா எழுந்து வந்தாள்.

"உசுருக்கு ஒண்ணுமில்லல்ல?"

"மாத்திரைய விடாம போட்டா பயமில்லைன்னு சொன்னாங்கம்மா."

"வூடு?"

"அது இல்லம்மா."

அவள் எட்டி, அப்பா கையிலிருந்த அடுத்த ஜிலேபியைப் பிடுங்கி மாமாவிடம் கொடுத்தாள்.

டோல்காரர் மட்டும் போகாமல் நின்றார். சந்தோஷம் தப்பாகிப்போனால் அதற்கு நானா பொறுப்பு, அடித்தது அடித்ததுதானே தம்பி, என்று இந்தியில் என்னிடம் நியாயம் கேட்டார். நியாயம்தான். ஸ்கேனும் மாத்திரையும் ஆஸ்பத்திரியில் இலவசம். அம்மா வரவழைத்த டோலுக்கு ஐந்நூறு, மூன்று கிலோ ஜிலேபிக்குத் தொள்ளாயிரம், விருந்தாளிகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்காக அம்மாவின் சம்பளத்தில் பிடித்தது இருநூற்றைம்பது. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.